பெட்டி கட்டும் முன் பட்டியல்: வீட்டுச் சாமானோடு கனடாவுக்குக் குடிபெயர்பவருக்குச் சுங்கக் காகிதங்கள் பற்றி

விமானம் டொராண்டோவில் இறங்கிவிட்டது. குடிவரவு அதிகாரி காகிதங்களைச் சரிபார்த்து, முத்திரை வைத்து, வாழ்த்தும் சொல்லிவிட்டார். தூங்கி வழியும் பிள்ளை ஒரு தோளில், கைப்பை இன்னொரு தோளில். எப்போது வெளியே போவோம் என்றிருக்கிறது. அந்த நேரம் பார்த்து இன்னொரு அதிகாரி கேட்பார்: "பின்னால் ஏதாவது சாமான் வருகிறதா?" சில சமயம் கேட்காமலும் விட்டுவிடுவார். களைப்பில் "இல்லை" என்று சொன்னாலும் சரி, அவர் கேட்கவில்லையே என்று நீங்களாகச் சொல்லாமல் நடந்தாலும் சரி, சென்னையில் கட்டி வைத்திருக்கும் முப்பது பெட்டிக்கும் அங்கேயே சிக்கல் ஆரம்பமாகிவிடும்.

குடிபெயர்கிறவர்கள் பொதுவாகப் பெட்டியில் தொடங்குவார்கள். எத்தனை பெட்டி, எந்த மூவர்ஸ், கன மீட்டருக்கு எவ்வளவு கேட்கிறான், எத்தனை நாளில் போய்ச் சேரும் என்றுதான் பேச்சு ஓடும். காகிதத்தை மூவர்ஸ்காரரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவோம். நானும் அப்படித்தான் விட்டேன். ஊரை விட்டுச் சாமான் வெளியேறத் தேவையான காகிதத்தை அவர் பார்த்துக்கொள்வார், அது உண்மைதான். ஆனால் போய் இறங்கும் நாட்டின் சுங்கத்தில் பேச வேண்டியவர் நீங்கள். அங்கே உங்களுக்காகப் பேசப்போவது ஒரே ஒரு பட்டியல்.

கனடாவை வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த பாதை அது. தமிழ்க் குடும்பங்கள் நிறையப் போகிற பாதையும்கூட.

முதலில் அடிப்படை. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தப் பொருளையும் சுங்கத்துறை விற்பனைக்கு வரும் சரக்காகத்தான் முதலில் பார்க்கும். கோயம்புத்தூரிலிருந்து ஆயிரம் கிரைண்டர் இறக்குகிறவர் அதை அந்த ஊரில் விற்கப்போகிறார், அதனால் வரி கட்டுகிறார். உங்கள் வீட்டு கிரைண்டர் எட்டு வருஷமாக மாவு அரைத்தது. அதை யாருக்கும் விற்க நீங்கள் போகவில்லை, வாங்கும்போதே நம் ஊரில் வரியும் கட்டியாகிவிட்டது. மனிதர் வீடு மாறும்போது கூடவே நகரும் தட்டுமுட்டுச் சாமானுக்குப் பெரும்பாலான நாடுகள் வரிவிலக்குத் தருவது இதனால்தான்.

ஆனால் துறைமுகத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. உள்ளே இருப்பது எட்டு வருஷத்துப் பழையதா, விற்க வந்த புதுசா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்? அதைப் பிரித்துச் சொல்லத்தான் காகிதம். எந்த நாட்டின் படிவத்தை எடுத்தாலும் அது மூன்று கேள்விகளைத்தான் சுற்றி வரும். நீங்கள் நிஜமாகவே குடிபெயர்கிறீர்களா? சாமான் உங்களுடையதுதானா, புழங்கியதுதானா? வருகிறது என்று உரிய நேரத்தில் சொன்னீர்களா? இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் படிவத்தின் பாதிக் கட்டங்கள் ஏன் இருக்கின்றன என்று தானாக விளங்கிவிடும்.

கேள்விகள் ஒன்றுதான், அளவுகோல்தான் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனுக்குப் போகிறவர் சாமான் வந்து சேருமுன்பே 'டி.ஓ.ஆர். 1' என்ற விண்ணப்பத்தைப் போட்டு ஓர் அனுமதி எண் வாங்க வேண்டும். பொருள் குறைந்தது 6 மாதமாவது அவர் வசம் இருந்து புழங்கியிருக்க வேண்டும், அவரும் 12 மாதம் பிரிட்டனுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பொருள் 12 மாதம் சொந்தமாக இருந்து புழங்கியிருக்க வேண்டும், படிவத்தின் பெயர் 'பி534'. அமெரிக்காவில் '3299' என்ற படிவம், வீட்டுச் சாமானுக்கு ஒரு வருஷப் புழக்கம். கனடா, முதன்முறையாகக் குடியேறுகிறவரிடம் மாதக் கணக்குக் கேட்பதில்லை. நீங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே பொருள் உங்களுக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும், உங்கள் கைவசம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு, இரண்டு போதாது.

இந்தச் சலுகை நிரந்தர வசிப்புரிமையோடு வருகிறவரை மனதில் வைத்தது. படிக்க வருகிறவரும், 36 மாதத்துக்கு மேற்படாத தற்காலிக வேலைக்கு வருகிறவரும் 'குடியேறி' என்ற இந்த வகையில் சேர மாட்டார்கள். அவர்களுடைய பொருள் தற்காலிகமாக உள்ளே வருகிறது, திரும்பிப் போகும்போது கூடவே போக வேண்டும் என்பது வேறு கணக்கு. இங்கே குடியேறியை மட்டும் பார்ப்போம்.

புதுசு என்ற கண்ணி

"புழங்கியது" என்ற சொல்தான் நம் ஆட்களை மாட்டிவைக்கிறது. ஊரை விட்டுப் போகிறோம் என்றதும் அம்மா, அத்தை, சித்தி என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அங்கே கிடைக்காது, கிடைத்தாலும் விலை அதிகம், இங்கேயே வாங்கிக்கொண்டு போ என்பார்கள். இரண்டு குக்கர், ஒரு இட்லிப் பானை, டேபிள்டாப் கிரைண்டர், டஜன் கணக்கில் எவர்சில்வர் டம்ளர், எல்லாம் கடை அட்டைப்பெட்டியோடு. சுங்கப் பார்வையில் இது வீட்டுச் சாமான் அல்ல, புதுச் சரக்கு. சொந்தமாக இருக்கிறது, கைவசம் இருக்கிறது, புழங்கவில்லை. வரி கட்டச் சொன்னால் குற்றம் சொல்ல முடியாது. ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கனடா அரசே சொல்கிறது, அப்போதுதான் எப்போது வாங்கியது என்று காட்ட முடியும். போன மாதம் வாங்கியதாக இருந்தாலும் நீங்கள் அதைப் பிரித்து, கழுவி, ஒரு வாரமாவது சமைத்திருந்தால் அது புழங்கிய பொருள். ஆக, வாங்கியே தீருவோம் என்றால் சீக்கிரம் வாங்கிப் புழங்கத் தொடங்குங்கள். அட்டைப்பெட்டியை ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

கிரைண்டர் பேச்சு வந்ததால் ஒன்று. நம் வீட்டில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வோல்ட்டைச் சரிசெய்துவிடலாம், ஹெர்ட்ஸைச் சரிசெய்யாது. மோட்டார் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். இதற்கும் சுங்கத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் கிரைண்டருக்கு இடம் கொடுத்துக் கப்பல் கூலி கட்டுமுன் தெரிந்திருப்பது நல்லது.

புழங்காத பொருளுக்கும் விலக்குக் கிடைக்கிற ஓர் இடம் உண்டு: கல்யாணம். கனடா வருவதற்கு முந்தைய 3 மாதத்துக்குள் கல்யாணம் ஆகியிருந்தாலோ, வந்து 3 மாதத்துக்குள் ஆகப்போகிறது என்றாலோ, கல்யாணப் பரிசுகள் புழங்காமல் இருந்தாலும் வரியில்லை. வந்து இறங்குவதற்கு முன்பே அவை உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கும். சீர் வரிசைச் சாமானுக்கும் இந்தச் சலுகை பொருந்தும். நம் வீட்டுக் கல்யாணங்களில் சேரும் பாத்திரங்களை நினைத்தால் இது சின்னச் சலுகை அல்ல.

தொகைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஒரு தனிப் பொருளின் மதிப்பு 10,000 கனடிய டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் வரி உண்டு. மொத்தச் சாமானுக்கு அல்ல, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக. பாத்திரம், சோபா எல்லாம் அந்தப் பக்கமே போகாது. நகைதான் போகும். இதே 10,000 இன்னோர் இடத்திலும் வந்து குழப்பும்: 10,000 டாலர் அல்லது அதற்கு மேல் ரொக்கம் கொண்டுவந்தால் சொல்லியாக வேண்டும். அதற்கு வரி எதுவும் கிடையாது, சொன்னால் போதும். சொல்லாவிட்டால் பிடித்து வைப்பார்கள். இரண்டு பத்தாயிரமும் வேறு வேறு.

பட்டியல்

இனி விஷயத்துக்கு வருவோம். கனடாவின் படிவம் 'பி.எஸ்.எஃப். 186'. இடம் போதாவிட்டால் தொடர்தாள் '186 ஏ'. பழைய பெயர் 'பி4'. மூவர்ஸ்காரர்களும், முன்னாலேயே வந்து குடியேறிய உறவினர்களும் இன்னமும் பி4 என்றுதான் சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. படிவத்தை அதிகாரியே நிரப்பித் தருவார். நீங்கள் முன்கூட்டியே நிரப்பிக்கொண்டு போனால் வேலை சுருக்கமாக முடியும். ஆனால் அதற்கு உயிர் கொடுப்பது நீங்கள் தயாரிக்கும் சாமான் பட்டியல். இரண்டு பிரதி வேண்டும். கையால் எழுதலாம், தட்டச்சு செய்தால் நல்லது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும்.

பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பகுதி, விமானத்தில் உங்களோடு வருபவை. இரண்டாவது பகுதி, பின்னால் வரப்போகிறவை. கப்பலில் வருவதும், தனியாக விமானச் சரக்கில் வருவதும், அடுத்த வருஷம் அப்பா அம்மா வரும்போது கொண்டுவரப்போகிற வெள்ளிக் குத்துவிளக்கும் எல்லாம் இரண்டாம் பகுதியில்தான். கனடாவில் இதற்குப் பெயரே 'பின்தொடரும் பொருட்கள்' என்பதுதான். இறங்கும் நாளில் இந்தப் பகுதியில் இல்லாத பொருள், பிறகு எப்போது வந்தாலும், எத்தனை பழையதாக இருந்தாலும், சாதாரண இறக்குமதியாகக் கணக்கிடப்படலாம்.

அதனால்தான் பெட்டி கட்டுவதற்கு முன்பே பட்டியல் எழுதச் சொல்கிறேன். பெரும்பாலான வீடுகளில் நடப்பது நேர்மாறு. மூவர்ஸ் ஆட்கள் நான்கு பேர் காலையில் வருவார்கள், மாலைக்குள் வீட்டை மொத்தமாகப் பெட்டிக்குள் போட்டு ஒட்டிவிட்டு, 'சமையலறைச் சாமான், 6 பெட்டி', 'துணி, 5 பெட்டி', 'இதர, 8 பெட்டி' என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தாள் லாரிக்குப் போதும், சுங்கத்துக்குப் போதாது. என் பட்டியலிலும் 'இதர' என்று ஒரு வரி இருந்தது. அதிகாரி அதைப் பேனாவால் தட்டி, இதரவில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. மனைவிக்குப் போன் போட்டு, அவர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதி முடிப்பதற்குள் பின்னால் நின்ற வரிசையின் முனகல் காதில் விழுந்தது.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும்? 'டிவி' என்று எழுதினால் போதாது. 'சோனி எல்.இ.டி. டிவி, 43 அங்குலம், மாடல் எண் இது, வரிசை எண் இது, பழையது, 150 டாலர்' என்று இருக்க வேண்டும். மின்சாதனம், கேமரா, சைக்கிள், இசைக்கருவி என்று வரிசை எண் உள்ள எதற்கும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் போன பிறகு அந்த எண்ணைப் பார்க்க வழியில்லை, முன்கூட்டியே போனில் படம் எடுத்துவிடலாம். துணிமணிக்கு இத்தனை விவரம் வேண்டாம். 'பெரியவர் உடைகள், பழையவை, 2 பெட்டி, 200 டாலர்' என்றால் சரி. புத்தகமும் அப்படியே. பெட்டியின் மேல் எழுதிய எண்ணும் பட்டியலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். பரிசோதனைக்கு 17-ஆம் பெட்டியைத் திற என்றால் 17-இல் நீங்கள் எழுதியதுதான் இருக்க வேண்டும்.

விலை எழுதுவதில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கும். ஒன்று, வாங்கிய விலையை எழுதுவது. கேட்பது இன்றைய நிலையில் அந்தப் பழைய பொருளின் மதிப்பு, அதுவும் கனடிய டாலரில். பத்து வருஷத்துக் கட்டிலுக்கு வாங்கிய விலை எழுதத் தேவையில்லை. இரண்டாவது தப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு டாலர் போடுவது. இது சாமர்த்தியம் மாதிரித் தெரியும். அதிகாரிக்கு அது பொய் மாதிரித் தெரியும். கப்பலில் ஏதாவது உடைந்தால் காப்பீட்டுக்காரரும் அந்த ஒரு டாலரைத்தான் காட்டுவார்.

முடிந்தவரை பெட்டியை மூவர்ஸ் ஆட்களே கட்டட்டும். நீங்கள் கட்டி ஒட்டிய பெட்டிக்கு அவர்கள் பட்டியலில் 'உரிமையாளர் கட்டியது' என்று ஒரு குறிப்புப் போட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பது உடைந்தால் பொறுப்பில்லை என்பது ஓர் அர்த்தம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பது இன்னோர் அர்த்தம்.

பெயரில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, இது நமக்கே உரியது. நம்மில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மூவர்ஸ் ரசீதில் 'ஆர். செந்தில்', பாஸ்போர்ட்டில் 'செந்தில் ராமசாமி', குடியேற்றக் காகிதத்தில் 'ராமசாமி செந்தில்'. கணினிக்கு இவர்கள் மூன்று பேர். கப்பல் சரக்குச் சீட்டு, அதாவது பில் ஆஃப் லேடிங், அச்சாகும் முன் வரைவை வாங்கிப் பார்த்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று சரிபாருங்கள். கப்பல் கிளம்பிய பிறகு திருத்தினால் அதற்கும் ஒரு கட்டணம் கேட்பார்கள்.

நகை

நகையைக் கப்பலில் போடாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள். இதை யாரும் சொல்ல வேண்டியதில்லைதான். சொல்ல வேண்டியது, கையோடு கொண்டுபோனாலும் பட்டியலில் எழுதுங்கள் என்பது.

'தங்கச் சங்கிலி, 1' என்று எழுதிப் பயனில்லை, உலகத்தில் உள்ள எல்லாச் சங்கிலியும் அதுதான். நகைக்கடையிலோ மதிப்பீட்டாளரிடமோ எடை, தரம், கல் விவரம், மதிப்பு எல்லாம் போட்டு ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்கி, அந்த வாசகத்தையே பட்டியலில் எழுத வேண்டும். நகையைப் படம் எடுத்து, படத்தின் பின்னால் தேதி போட்டு, மதிப்பிட்டவரிடமே கையெழுத்து வாங்கி இணைத்தால் பிறகு கேள்வியே வராது. தங்கம் இப்போது விற்கிற விலைக்குக் கல்யாணத்துக்குப் போட்ட கனத்த ஆரம் ஒன்றே 10,000 டாலரைத் தொட்டுவிடும். செட்டாக எழுதாமல் ஆரம், கம்மல், வளையல் என்று உள்ளபடி ஒவ்வொன்றாக எழுதுவது இதனாலும் முக்கியம்.

இந்தப் பட்டியலின் இன்னொரு பயன் இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் தெரியும். ஊரில் ஒரு கல்யாணம், பெட்டகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போகிறீர்கள். திரும்பி வரும்போது டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில், இது ஊரில் புதிதாக வாங்கியதா என்று கேட்டால், குடியேறிய நாளிலேயே எழுதியது என்று காட்ட அந்தப் படிவத்தின் நகல்தான் கையில் இருக்கும். இந்தியப் பக்கமும் இதே கேள்வி எழும். ஊரிலிருந்து கிளம்பும்போது சுங்கத்தில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கி வைத்தால், மறுபடி உள்ளே கொண்டுவரும்போது வாக்குவாதம் இருக்காது.

ஊரை விட்டு வெளியேற

இந்தியாவிலிருந்து அனுப்பும் வேலை ஒப்பீட்டில் சுலபம். சொந்தச் சாமான் என்பதால் ஏற்றுமதியாளருக்கு உரிய பதிவு எண் வேண்டாம். நீங்கள் கிளம்புவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்து கிளம்பிய ஒரு வருஷம் வரை, தனியாக வரும் பயணச் சாமானாக அதை அனுப்பலாம். பாஸ்போர்ட், விசா அல்லது குடியேற்றக் காகிதம், பயணச்சீட்டு ஆகியவற்றின் நகல், சாமான் பட்டியல், சுங்கத் தரகருக்கு நீங்கள் கொடுக்கும் அதிகாரக் கடிதம், இவ்வளவுதான் பொதுவாகக் கேட்பார்கள். சென்னையில் மாதவரம், மணலி பக்கம் இருக்கும் கன்டெய்னர் நிலையம் ஒன்றில் சாமான் சோதனையாகி, கன்டெய்னரில் ஏறும்.

சிக்கல் வருவது பொருளால். நம் வீடுகளில் பழையது என்று பெருமையாகச் சொல்லுகிற பொருள்தான் இங்கே தலைவலி. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, நூறு வருஷம் ஆன சிலை, ஓவியம், உலோக வேலைப்பாடு போன்றவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருஷமே போதும். கொள்ளுப்பாட்டி வீட்டு வெண்கல விளக்கு, தாத்தாவின் தஞ்சாவூர் ஓவியம், பரணில் கிடந்த ஓலைக்கட்டு மூன்றும் இந்த வலைக்குள் வரலாம். அந்த வயசு ஆகாத பொருள்தான், ஆனால் பார்த்தால் பழசு மாதிரி இருக்கிறது என்றால் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிப் பெட்டியோடு வைக்க வேண்டும். போன வருஷம் சுவாமிமலையில் வாங்கிய நடராஜருக்கும் இது பொருந்தும். செய்த ஸ்தபதியின் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

மயில் தோகை, தந்தம், மான்கொம்பு எதுவும் கூடாது. பழைய வீணை வைத்திருப்பவர்கள் அதன் அலங்கார வேலைப்பாட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இன்று பிளாஸ்டிக்கில் செய்வதை அன்று தந்தத்திலும் மான்கொம்பிலும் செய்திருப்பார்கள். ஈட்டி மரம் உள்ளிட்ட அந்த இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, ஈட்டி மர அலமாரியைத் தூக்கிப்போக ஆசைப்படுகிறவர் முதலில் காகிதத்தை விசாரிக்கட்டும். சாமானை வைத்துக் கட்டும் மரச்சட்டத்துக்கும் விதி உண்டு: மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் சூடாக்கியோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தியோ, முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். மரத்தோடு பூச்சி போகக்கூடாது என்பதற்காக. அந்த முத்திரை சட்டத்தின் மேல் இருக்கிறதா என்று கட்டும்போதே பார்த்துவிடுங்கள்.

உணவுப் பொருளைக் கப்பல் பெட்டியில் போடவே வேண்டாம். ஊறுகாய், அரிசி, வடகம், கருவேப்பிலைப் பொடி எல்லாம் டொராண்டோவில் நம் கடைகளிலேயே கிடைக்கிறது. ஒரு பொட்டலம் மசாலாவுக்காக முழுக் கன்டெய்னரையும் நிறுத்தி வைக்கிற ஆபத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. சைக்கிள் சக்கரம், ஷூ, பூந்தொட்டி ஆகியவற்றில் மண் ஒட்டியிருக்கக்கூடாது. அம்மிக்கல் கொண்டுபோகிறவர் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவட்டும். காரை மறந்துவிடுங்கள். கனடாவின் பாதுகாப்புத் தரத்துக்குத் தயாரிக்கப்படாத வண்டி 15 வயசு ஆகாமல் உள்ளே நுழையாது.

இறங்கும் நாள்

பட்டியலைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, அதிகாரி முன்னால் வெறுங்கையோடு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கனடா மண்ணில் முதலில் எந்த விமான நிலையத்தில் கால் வைக்கிறீர்களோ அங்கேதான் அதைக் கொடுக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வான்கூவர் வந்து, அங்கிருந்து கல்கரி போகிறவருக்கு அந்த இடம் வான்கூவர். அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, கல்கரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடக்கூடாது. டிக்கெட் போடும்போதே இந்த இடைவெளியைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு சூட்கேஸ் தவிர எதுவும் வரவில்லை, சாமான் இன்னும் சென்னையில் கட்டாமல்கூட இருக்கிறது, அதனால் என்ன, அப்போதும் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதிகாரி கேட்காவிட்டால் நீங்களே "பின்னால் சாமான் வருகிறது" என்று சொல்லிக் கொடுங்கள். அவர் படிவத்தில் கோப்பு எண் போட்டு, முத்திரை வைத்து, ஒரு பிரதியைத் திருப்பித் தருவார். அது ரசீது. பாஸ்போர்ட்டோடு வைக்க வேண்டிய காகிதம்.

வேலை கிடைத்து வீடு பார்த்த பிறகு ஆறு மாதம் கழித்துச் சாமானை வரவழைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த முறை வசதியானது. எழுதிக் கொடுத்தாயிற்று என்றால் அவசரம் இல்லை. கொண்டுவருவோமா மாட்டோமா என்று சந்தேகமாக இருக்கும் பொருளையும் எழுதிவிடுங்கள். எழுதிவிட்டுக் கொண்டுவராமல் போனால் யாரும் கேட்பதில்லை.

சாமான் வந்த பிறகு

கன்டெய்னர் சென்னையில் ஏறி, வழியில் கப்பல் மாறி, ஹாலிஃபாக்ஸிலோ மான்ட்ரியலிலோ இறங்கி, ரயிலில் டொராண்டோ பக்கம் வரும். அதுவரை அது சுங்கத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்கு ஒன்றுக்கு வந்து சேர்ந்ததும் உங்களுக்கு ஒரு வருகை அறிவிப்பு வரும். அதில் சரக்குக் கட்டுப்பாட்டு எண் இருக்கும். அந்த அறிவிப்பு, கப்பல் சரக்குச் சீட்டு, பாஸ்போர்ட், குடியேற்றக் காகிதம், முத்திரை வைத்த 186 படிவம், பட்டியல், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அறிவிப்பில் சொன்ன சுங்க அலுவலகத்துக்கு நீங்களே போகலாம். தரகர் வேண்டியதில்லை. வரிசை நீளமாக இல்லாவிட்டால், பட்டியலும் படிவமும் ஒத்துப்போனால், முத்திரை வாங்கிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

பரிசோதனைக்கு எடுத்தால் பதற வேண்டாம். பரிசோதிப்பதற்குச் சுங்கம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் கன்டெய்னரை நகர்த்துவது, சாமானை இறக்கி ஏற்றுவது எல்லாம் தனியார் வேலை, அந்தக் கூலி உங்கள் தலையில். பலருடைய சாமானோடு சேர்ந்து ஒரே கன்டெய்னரில் வந்திருந்தால் இன்னொருவர் பெட்டியில் இருந்த வடகத்துக்காக உங்கள் பெட்டியும் காத்திருக்க நேரலாம். கிடங்கில் சில நாட்கள்தான் இலவசம், அப்புறம் நாள் வாடகை ஏறும். 'வீடு வரை' என்று மூவர்ஸ்காரர் விலை சொல்லும்போது கிடங்குக் கூலி, துறைமுகக் கையாள்கூலி ஆகியவை அதற்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன 'எல்லாம் சேர்த்துதான்' கடல் தாண்டிச் செல்லாது. எனக்குச் செல்லவில்லை.

விலக்கில் வந்த பொருளை 12 மாதத்துக்குள் விற்றாலோ யாருக்காவது கொடுத்தாலோ வரி உடனே கட்டியாக வேண்டும். சோபா புது வீட்டு வாசலில் நுழையவில்லை என்று இணையத்தில் விற்பனைக்குப் போடுமுன் தேதியைப் பாருங்கள்.

லாரி வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசரத்தில் இருப்பார். பட்டியலில் 34 பெட்டி என்றால் 34 வரை எண்ணுங்கள். நசுங்கியது, நனைந்தது எதுவாக இருந்தாலும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.